லால்பாக் பாறையும் ஆதியாகமத்தின் ஆறு நாட்களும்

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தமிழ்ச் சபையின் ஞாயிறு பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். என் மாணவன் ஒருவனை அவன் பள்ளியில் லால்பாக்குக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை 300 கோடி ஆண்டுப் பழமையானது என்று அங்கே பலகையில் படித்துவிட்டு வந்து, "டீச்சர், உலகம் உண்டாகி 6,000 ஆண்டுதான் என்றீர்களே, எது சரி?" என்று வகுப்பில் கேட்டான். "வேதம் சொல்வதுதான் சரி, மனுஷர் சொல்வது மாறும்" என்றேன். அதன் பிறகு அவன் வகுப்புக்கு வரவில்லை. ஒரு நாள் என்றால் பல கோடி ஆண்டுகள் என்று சொல்லிவிட்டால் போதும் என்கிறார் என் கணவர். பாறையின் வயதைக் கணிக்கும் முறையே பொய் என்று விளக்கும் வீடியோக்களை எங்கள் சபை மூப்பர் அனுப்பினார். ஆதியாகமம் முதல் அதிகாரத்தைச் சந்தேகித்தால் சிலுவையையும் சந்தேகிக்க வேண்டிவரும் என்றும் எச்சரித்தார். நான் என்ன சொல்லிக்கொடுப்பது? ஒன்றும் தெரியாத நான் வகுப்பை விட்டுவிடுவதுதான் நல்லதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வகுப்பை விடாதீர்கள். இந்த வாரமே அந்தப் பையனின் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். அவன் கேட்டது நல்ல கேள்வி என்றும், நீங்கள்தான் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டீர்கள் என்றும் அவன் பெற்றோர் முன்னிலையிலேயே சொல்லுங்கள். முழுப் பதிலும் கையில் இருந்தால்தான் போக வேண்டும் என்றில்லை. அந்தப் பலகையைப் படிக்கும் பிள்ளைகளில் பலர் படித்ததை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். இவன் அதைச் சபைக்குள் கொண்டுவந்தான். வேதம் பேசுவதும் பாறை பேசுவதும் ஒரே உலகத்தைப் பற்றித்தான் என்று நம்புகிறவன்தான் அப்படிச் செய்வான். அந்த நம்பிக்கை உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது உங்கள் ஊழியம். மற்றவற்றைப் பழைய ஏற்பாடு கற்பிக்கும் ஆயர் என்ற முறையில் விளக்க முயல்கிறேன்.

முதலில் அந்த 6,000. ஆதியாகமத்தை முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை படித்தாலும் உலகத்தின் வயது இவ்வளவு என்று ஓர் எண் கிடைக்காது. அது கூட்டிப் பெற்ற எண். அயர்லாந்தில் ஆர்மா நகரப் பேராயராக இருந்த ஜேம்ஸ் அஷர், வம்ச வரலாறுகளில் உள்ள வயதுகளைக் கூட்டி, பழைய அரசர்களின் காலத்தோடு பொருத்தி, கி.மு. 4004 அக்டோபரில் உலகம் படைக்கப்பட்டது என்று 1650இல் எழுதினார். 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அவருடைய ஆண்டுக்கணக்கை அச்சிடத் தொடங்கினார்கள். ஓரத்தில் இருந்த குறிப்பு, படித்தவர்கள் மனத்தில் வசனமாகவே பதிந்துவிட்டது. அஷர் மிகுந்த கல்விமான். அவரை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வம்ச வரலாறுகள் கூட்டல் கணக்குக்காக எழுதப்பட்டவைதானா என்று வேதத்திடமே கேளுங்கள். மத்தேயு முதல் அதிகாரம் எட்டாம் வசனத்தில் "யோராம் உசியாவைப் பெற்றான்" என்று இருக்கிறது. 1 நாளாகமம் மூன்றாம் அதிகாரத்தைப் பார்த்தால் இருவருக்கும் இடையில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று அரசர்கள் வருகிறார்கள். மத்தேயு அவர்களைத் தாண்டிச் செல்கிறார். தலைமுறைகளைப் பதினான்கு பதினான்காக அடுக்கி, இயேசு தாவீதின் குமாரன் என்று காட்டுவது அவர் நோக்கம். அந்த நோக்கத்துக்கு அந்த வரிசை போதும். உலகத்தின் வயதைக் கணக்கிட அது உதவாது.

இனி பாறை. லால்பாக்கில் நீங்கள் ஏறி நிற்பது தீபகற்ப நைஸ் என்ற பாறை வகை. தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளம் அதுதான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்தக் குன்றைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அதன் வயதை யாரும் ஊகித்துச் சொல்லவில்லை. உருகிய பாறைக் குழம்பு இறுகும்போது சிர்கான் என்ற நுண்ணிய படிகங்கள் உண்டாகின்றன. அவை உருவாகும்போதே யுரேனியத்தை ஏற்றுக்கொள்கின்றன. ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிடுகின்றன. பிறகு யுரேனியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாகிறது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே படிகத்துக்குள் இன்று எவ்வளவு ஈயம், எவ்வளவு யுரேனியம் என்று அளந்தால் அது இறுகிய காலம் தெரியும். விண்கற்களில் உள்ள ஈயத்தை இவ்விதம் ஆராய்ந்துதான் கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1956இல் பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று காட்டினார். அந்த எண் இன்றும் அநேகமாக அப்படியே நிற்கிறது.

மூப்பர் அனுப்பிய வீடியோக்களை நான் பார்க்கவில்லை. இந்த வகை வீடியோக்களில் வழக்கமாக வரும் வாதங்கள் இரண்டு. கார்பன் முறை தவறான வயதைக் காட்டுகிறது என்பது ஒன்று. கார்பன் 14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள்தான் ஆகும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் அளக்க அது பயன்படாது. எலும்புக்கும் மரக்கட்டைக்கும் உரிய முறை அது. லால்பாக் பாறையின் வயதுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சிதையும் வேகம் ஆதியில் வேறாக இருந்திருக்கலாமே என்பது இன்னொரு வாதம். இது கேட்கத்தக்க கேள்வி, பதிலும் உண்டு. ஒரே சிர்கானுக்குள் யுரேனியம் 238, யுரேனியம் 235 என்று இரண்டு வகை இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைந்து வெவ்வேறு வகை ஈயமாகின்றன. பாதிப்படையாத படிகத்தில் இரண்டு கணக்கும் ஒரே வயதைத் தருகின்றன. மேலும், 450 கோடி ஆண்டுகளின் சிதைவு 6,000 ஆண்டுகளுக்குள் நடந்திருந்தால் வெளிப்பட்டிருக்கும் வெப்பத்தில் பூமி முழுவதும் உருகியிருக்கும்.

கடைசியாக ஒரு வாதம் மிஞ்சும்: தேவன் உலகத்தைப் பழையது போலத் தோன்றும்படி படைத்தார் என்பது. இதைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன், அறிவியலுக்காக அல்ல, விசுவாசத்துக்காக. நகர வெளிச்சம் இல்லாத இடத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் ஒளி, அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒளி பாதி வழியில் படைக்கப்பட்டது என்றால், நடக்காத வரலாற்றை நடந்ததுபோல நம் கண்ணுக்குக் காட்டுகிறவராகத் தேவனை ஆக்குகிறோம். "பொய்யுரையாத தேவன்" என்று தீத்து நிருபத்தில் படிக்கிற நமக்கு அது தகாது. வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகின்றன என்று பத்தொன்பதாம் சங்கீதம் பாடுகிறதென்றால், அந்த வானங்களின் சாட்சியை நம்பலாம் என்றுதானே பொருள்?

உங்கள் கணவர் சொல்லும் வழியில் நல்ல எண்ணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் கல் உடைக்கும் தொழிலாளியாக இருந்து புவியியல் எழுத்தாளராக உயர்ந்த ஹியூ மில்லர் போன்றவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே வழியைத்தான் காட்டினார்கள். கர்த்தருக்கு ஆயிரம் வருஷம் ஒரு நாளைப்போல என்ற வசனமும் துணைக்கு வரும். ஆனாலும் அந்தப் பையனிடம் இதைச் சொல்லாதீர்கள். பத்தாம் வகுப்புக்குப் போவதற்குள் அவனே இதில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவான். கனிமரங்கள் மூன்றாம் நாளில் வருகின்றன, சூரியன் நான்காம் நாளில் வருகிறது. ஒரு நாள் பல கோடி ஆண்டுகள் என்றால் சூரியன் இல்லாமல் மரங்கள் பல கோடி ஆண்டுகள் நின்றனவா? ஐந்தாம் நாளில் பறவைகள், ஆறாம் நாளில் ஊர்வனவும் மிருகங்களும். புதைபடிவங்களில் வரிசை வேறு: மீன்கள் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருக்கின்றன, தரையில் ஊர்வன அதற்குப் பின்பு, பறவைகள் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான், கனி தரும் பூக்கும் தாவரங்கள் அதற்கும் பிற்பாடு. நாளை எவ்வளவு நீட்டினாலும் வரிசை பொருந்தாது. சாயங்காலமும் விடியற்காலமும் என்று அந்த அதிகாரம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் அப்போது பொருள் இருக்காது.

இதில் எனக்கு வழிகாட்டி பெல்ஜிய நாட்டுக் குருவானவர் ஜார்ஜ் லெமேத்ர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இலேயே கணித்துக் காட்டியவர் அவர். பெருவெடிப்புக் கொள்கையின் தொடக்கம் அவரிடம்தான் இருக்கிறது. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கொள்கையைச் "சிருஷ்டிப்புக்கு அறிவியல் தரும் சாட்சி" என்ற தொனியில் பாராட்டிப் பேசினார். வேறு எந்தக் குருவும் அகமகிழ்ந்திருப்பார். லெமேத்ரோ வருந்தினார். அறிவியல் கொள்கை அறிவியலின் வழியில்தான் நிற்கவோ விழவோ வேண்டும், விசுவாசத்தை அதன்மேல் சாய்க்கக் கூடாது என்பது அவர் நிலை. வேதத்தை அறிவியலுக்கு எதிராக நிறுத்துவது தவறு என்றால், அறிவியல் புத்தகத்தின் வரிகளுக்கு ஏற்ப வேதத்தை இழுத்து நீட்டுவதும் தவறுதான். இரண்டிலும் அந்த அதிகாரம் தன் குரலில் பேச இடமில்லாமல் போகிறது.

இப்போது அந்த அதிகாரத்தையே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வசனம் பூமியின் நிலையை "ஒழுங்கின்மையும் வெறுமையும்" என்கிறது. பின்வரும் ஆறு நாட்களும் இந்த இரண்டையும் நீக்குகின்றன. முதல் மூன்று நாட்களில் ஒழுங்கு வருகிறது. முதல் நாள் வெளிச்சமும் இருளும் பிரிகின்றன. இரண்டாம் நாள் ஆகாயவிரிவு தண்ணீரை மேலும் கீழுமாகப் பிரிக்கிறது. மூன்றாம் நாள் கடல் ஒதுங்கி நிலம் தெரிகிறது, பயிர்பச்சை முளைக்கிறது. அடுத்த மூன்று நாட்களில் வெறுமை நிரம்புகிறது. முதல் நாள் பிரித்த பகலையும் இரவையும் ஆள நான்காம் நாள் சுடர்கள் வருகின்றன. இரண்டாம் நாள் பிரித்த நீரிலும் வானிலும் ஐந்தாம் நாள் மீன்களும் பறவைகளும் வருகின்றன. மூன்றாம் நாள் தெரிந்த நிலத்தில் ஆறாம் நாள் மிருகங்களும் மனிதரும் வருகிறார்கள். மூன்றாம் நாள் முளைத்தது அவர்களுக்கு உணவாகிறது. சூரியனுக்கு முன் வெளிச்சம் ஏன் என்று குழம்புகிறோமே, அந்தக் குழப்பம் இந்த அமைப்பைப் பார்த்ததும் விலகும். வரிசை கடிகாரத்தின் வரிசையாக இருந்தால்தான் அது சிக்கல்.

தமிழ் படித்தவர்களுக்கு இப்படிப்பட்ட அமைப்பு புதிதே அல்ல. தொல்காப்பியம் பாட்டின் உலகத்தை அமைக்கும்போது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைக்கிறது. பிறகு அந்த நிலத்தின் மரம், விலங்கு, பறவை முதலியவற்றைக் கருப்பொருளாக அதில் குடியேற்றுகிறது. மலைநிலமான குறிஞ்சிக்கு யாமம் என்ற நள்ளிரவு, கடற்கரையான நெய்தலுக்கு எற்பாடு என்ற சூரியன் சாயும் நேரம் என்று பொழுது வகுத்திருப்பதைப் படித்துவிட்டு, மலையில் காலைப்பொழுதே விடியாதா என்று யாரும் கேட்பதில்லை. யாமம் பொய் என்றும் சொல்வதில்லை. அந்தப் பொழுது எதற்காக அங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு படிக்கிறோம். ஆதியாகமத்தின் நாட்களையும் அந்தப் பழக்கத்தோடு படிக்கலாம். அவை முழு நாட்கள்தான், சாயங்காலமும் விடியற்காலமும் உள்ள நாட்கள்தான். ஆனால் அவை தேவனுடைய வேலையை ஒரு வாரத்தின் வடிவத்தில் நமக்குக் காட்டும் நாட்கள். அடுத்த அதிகாரத்திலேயே வரிசை மாறிவிடுகிறது. அங்கே வயலின் பூண்டு முளைக்கும் முன்பே மனிதன் உருவாக்கப்படுகிறான், அவனுக்குப் பின்புதான் மிருகங்கள். இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாமலா இருந்திருக்கும்? காலவரிசை அவர்களுடைய கவலையாக இருக்கவில்லை.

அவர்களுடைய கவலை வேறு. இஸ்ரவேலைச் சுற்றிலும் சூரியனையும் சந்திரனையும் தெய்வங்களாக வணங்கிய பேரரசுகள். பாபிலோனியரின் படைப்புக் கதையில் மர்துக் என்ற தெய்வம் தியாமத் என்ற கடல் தெய்வத்தைக் கொன்று, அவள் உடலைப் பிளந்து வானத்தை அமைக்கிறான். தெய்வங்களின் வேலைச்சுமையைத் தீர்க்க மனிதர்கள் படைக்கப்படுகிறார்கள். இந்தப் பின்னணியில் ஆதியாகமத்தைக் கேட்டுப் பாருங்கள். யுத்தம் இல்லை, இரத்தம் இல்லை. ஒரு வார்த்தை போதுமாயிருக்கிறது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் அங்கே பெயர்கூட இல்லை, "பெரிய சுடர்", "சிறிய சுடர்" என்று மட்டும் அழைத்து விளக்கேற்றும் வேலையில் வைத்துவிடுகிறது. அரசர்கள் மட்டும் தெய்வத்தின் சாயல் என்று பெருமை கொண்ட காலத்தில், ஆணும் பெண்ணுமாக எல்லா மனிதரும் தேவ சாயல் என்கிறது. என் கண்ணுக்கு இந்த அதிகாரத்தின் மகத்துவம் இங்கேதான் இருக்கிறது. பாறையின் வயதைப் பற்றிய சண்டையில் நம் பிள்ளைகள் இதைக் கேட்காமலே வளர்கிறார்கள். அதுதான் எனக்கு வேதனை.

மூப்பரிடம் பணிவோடு பேசுங்கள். ஆறு நாளும் இருபத்துநான்கு மணி நேர நாட்களே என்று நம்பியவர்களில் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டின் பசிலியார் முதல் லூத்தர் வரை. அதே திருச்சபையில் வேறு விதமாகப் படித்த பெரியவர்களும் உண்டு. சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதல் மூன்று நாட்களுக்குக் காலையும் மாலையும் எப்படி இருந்தன என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் கேட்டுவிட்டார். தேவன் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், அந்த நாட்கள் நாம் வாழும் நாட்களைப் போன்றவை அல்ல என்று அகுஸ்தீன் எழுதினார். வானத்தையும் பூமியையும் பற்றி விசுவாசியாதவரும் நன்கு அறிந்த ஒன்றில் கிறிஸ்தவர் வேதத்தின் பெயரால் தவறாகப் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அந்த வேதம் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்றும் அவர் எச்சரித்தார். டார்வினுக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தைய எச்சரிக்கை இது. அறிவியலுக்குப் பயந்து இன்று கண்டுபிடித்த சமாதானம் என்று இதை ஒதுக்க முடியாது.

மூப்பர் யாத்திராகமம் 20:11ஐ எடுத்துக்காட்டுவார். ஆறு நாளைக்குள்ளே கர்த்தர் வானத்தையும் பூமியையும் உண்டாக்கினார், ஆகையால் ஓய்வுநாளை ஆசரி என்கிறது அந்த வசனம். அவர் பக்கத்தில் மிக வலுவான வசனம் அதுதான், மழுப்பாமல் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். அதே கட்டளை அங்கே வருகிறது, காரணம் மட்டும் வேறு: நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். தேவனுடைய வாரம் நம்முடைய வாரத்துக்கு மாதிரியாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆறு நாட்களும் நடந்து சேருமிடம் அந்த ஓய்வு. லிங்கராஜபுரத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு, வாரம் ஏழு நாளும் நான்கு வீட்டு வேலை பார்க்கும் ஒரு சகோதரி உங்கள் சபையில் இருந்தால், ஆதியாகமம் முதல் அதிகாரம் அவளைப் பற்றித்தான் பேசுகிறது. அவளுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கச் சபை என்ன செய்கிறது என்று மூப்பரோடு பேசினால், அந்த அதிகாரத்தை எழுத்துப்படி கைக்கொள்வது பற்றி நல்ல உரையாடலே நடக்கும்.

சிலுவையைப் பற்றி அவர் சொன்னதற்கு என் பதில் சிறியது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுல் எழுதினார். பூமியின் வயதைப் பற்றி அவர் அப்படி எழுதவில்லை. ஞாயிறுதோறும் நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணத்திலும் வானத்தையும் பூமியையும் படைத்த பிதா இருக்கிறார். எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு என்பது இல்லை. "பூச்சக்கரம் அசையாதபடி நிலைபெற்றுள்ளது" என்று 93ஆம் சங்கீதத்தைப் பாடுகிற நாம், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதால் விசுவாசத்தை இழந்துவிடவில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் தாம் கற்ற ஐரோப்பிய வானியலையும் புவியியலையும் பெத்லகேம் குறவஞ்சியில் மகிழ்ச்சியோடு பாட்டாக்கினார். அவர் கீர்த்தனைகளை இன்றும் நாம் பாடுகிறோம். நம் முன்னோர் இதைவிடத் தைரியமாக இருந்தார்கள்.

வகுப்பில் என்ன செய்வது? முதல் ஞாயிறு, எந்த விளக்கமும் தராமல் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைப் பிள்ளைகளையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி வரைந்து முதல் மூன்று நாட்களை இடப்பக்கமும் அடுத்த மூன்றை வலப்பக்கமும் எழுதச் சொல்லுங்கள். அமைப்பை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்தக் கண்டுபிடிப்பை அவர்களிடமிருந்து பறித்துவிடாதீர்கள். அடுத்த ஞாயிறு 104ஆம் சங்கீதம். அதே படைப்பு அங்கே நாட்களே இல்லாமல் பாடப்படுகிறது. பிறகு ஒரு சனிக்கிழமை காலையில், பெற்றோரின் அனுமதியோடு எல்லோரையும் லால்பாக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். பலகையைப் படிக்கும் பொறுப்பை அந்தப் பையனுக்கே கொடுங்கள். "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று தேவன் கேட்கும் யோபு 38ஆம் அதிகாரத்தைப் பாறைமேல் உட்கார்ந்து வாசியுங்கள். 300 கோடி என்ற எண்ணோடு சேர்த்து வாசிக்கும்போது அந்தக் கேள்வியின் கனம் கூடும், குறையாது.

6,000 என்ற எண் உங்கள் பாடப்புத்தகத்தில் அச்சாகியிருந்தால் பிள்ளைகள் முன்னால் அதைக் கேலி செய்யாமல், உங்கள் ஆயரிடம் தனியாக எழுதிக் கொடுங்கள். சபை முழுவதும் பேசி முடிவு செய்ய வேண்டிய காரியம் அது. உங்கள் ஒருவர் தோளில் சுமத்தக் கூடாது.

இன்னொன்றுக்கும் ஆயத்தமாக இருங்கள். வகுப்புக்குத் திரும்பி வந்தால் அந்தப் பையனின் அடுத்த கேள்வி ஆதாமைப் பற்றியதாகத்தான் இருக்கும். அது பாறையின் வயதைவிடக் கடினமான கேள்வி. இதே கடிதத்தில் நுழைத்து அவசரமாகப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. ரோமர் ஐந்தாம் அதிகாரத்தை நீங்களும் உங்கள் கணவரும் ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு, எங்கே இடறுகிறது என்று குறித்து எழுதுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.